செம்புப் பட்டையில் மூன்றாவது பொட்டு

பொட்டைத் துடைக்கச் சொன்னது நீங்கள். நான் இல்லை, என் கூட்டாளியும் இல்லை. நீங்கள்தான் சொன்னீர்கள். சொல்லித் துடைக்க வைத்துவிட்டு, துடைத்த கதையை மறைத்துவிட்டு, பொட்டு வைத்தவன் தலையில் பழியைப் போட்டீர்கள். பத்து வருடத்துக்கு மேலாக அந்தப் பழியைப் படமாக்கிக் கல்லூரி கல்லூரியாகக் காட்டி, பிள்ளைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்கு நயமாக எழுத வராது. நான் மில் எலக்ட்ரீசியன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆனால் ஒன்று. நடந்ததில் பாதி எனக்கே கனவு மாதிரித்தான் இருக்கிறது. அதற்குக் காரணமும் உங்கள் கேமராதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. திண்டுக்கல்லைச் சுற்றியிருந்த பொட்டல் காடுகளில் நூல் மில்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் மில் ஊருக்கு வெளியே இருந்தது. நான் பேகம்பூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் போவேன். கூட்டாளிக்குச் சாணார்பட்டிப் பக்கம். வீட்டில் பூ விவசாயம், இரண்டு கறவை மாடு. விடியற்காலையில் பூ எடுத்து மார்க்கெட்டில் போட்டுவிட்டு அப்படியே மில்லுக்கு வந்துவிடுவான். சட்டையில் மல்லிகையும் கையில் கிரீஸும் மணக்கும். பகல் ஷிப்டில் மின்சார வேலைக்கு நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு மோட்டார் சூடாகிறதா என்று அறிய எங்களிடம் இருந்த கருவி புறங்கை. பேரிங் பக்கம் புறங்கையை வைப்போம். தாங்கினால் ஓடட்டும், தாங்காவிட்டால் நிறுத்து. அவ்வளவுதான்.

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரத்தில் நீங்கள் கோயமுத்தூரிலிருந்து வந்து இறங்கினீர்கள். இரண்டு இரும்புப் பெட்டி, ஒரு அலுமினியக் குடுவை. சூடு பார்க்கிற கேமரா என்று மேனேஜர் எங்களுக்குச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத சூட்டை அது படமாகக் காட்டுமாம். சூடான இடம் வெள்ளை, குளிர்ந்த இடம் கறுப்பு. எந்த மோட்டார், எந்த இணைப்பு எரியப்போகிறது என்று அது எரிவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுமாம்.

நீங்கள் குடுவையைத் திறந்தீர்கள். காலி. வழியில் பஸ் குலுக்கியதில் மூடி கழன்று, உள்ளே இருந்த திரவ நைட்ரஜன் முழுக்க ஆவியாகப் போயிருந்தது. அதை ஊற்றிக் குளிர வைத்தால்தான் கேமராவின் கண் திறக்கும் என்றீர்கள்.

"கோயமுத்தூருக்குப் போன் போடோணுங்க. இனி நாளானிக்குத்தானுங்க வேலை," என்று தலையில் கை வைத்தீர்கள்.

கூட்டாளி காலிக் குடுவையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான். "இது மாட்டாஸ்பத்திரியில இருக்குமே சார். சினை ஊசி போடுறவரு இதுக்குள்ளதான ஊசி மருந்தப் போட்டு வச்சிருக்காரு. தொறந்தா பொகை பொகையா வரும்."

மில் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஊசி போடுகிறவர் அவனுக்குப் பழக்கம். அவன் வீட்டுப் பசுவுக்கு அவர்தான் ஊசி போட்டவர். மதியத்துக்குள் குடுவை நிறைய வாங்கி வந்துவிட்டான். நீங்கள் அதைக் கேமராவின் முதுகில் இருந்த துளையில் ஊற்றினீர்கள். வெள்ளைப் புகை பொங்கி மேசையில் வழிந்து தரைக்கு இறங்கியது.

"சார், செத்த பாத்து ஊத்துங்க. மெசினு சினையாயிரப் போகுது," என்றான் அவன்.

மேனேஜர்கூடச் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். அவன் தோளில் தட்டி, "நீங்க இல்லீன்னா இன்னிக்கு என் பொழப்பு போச்சுங்க," என்றீர்கள். அந்த வார்த்தையை நீங்கள் மறந்திருப்பீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மூன்று நாள் நான் உங்கள் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த மூன்று நாளை நினைத்தால் தூக்கத்தில் நடந்தது போல இருக்கிறது. மில்லுக்குள் இரைச்சலில் பேச்சுக் காதில் விழாது. எல்லாரும் வாயை அசைப்பார்கள், கையை ஆட்டுவார்கள். அந்தச் சின்னத் திரையில் பார்த்தால் வேறு ஒரு மில் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. நிறமே இல்லை. நூல் நூற்கிற ரிங் பிரேம்களில் கதிர்கள் வரிசை வரிசையாக மங்கலான விளக்கு ஏற்றியது போல நின்றன. இழை இணைக்கிற பெண்களின் முகம் வெள்ளையாக மிதந்து வந்தது. தலையில் பூ வைத்திருந்த இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. பூ குளிர்ச்சி. யார் எத்தனை முழம் வைத்திருக்கிறார்கள் என்பதை இருட்டை வைத்துச் சொல்லிவிடலாம்.

ஒரு பெண் சுவரில் கை ஊன்றி நின்றுவிட்டு நகர்ந்தாள். கை போகவில்லை. ஐந்து விரலும் வெள்ளையாகச் சுவரிலேயே நின்றன. பிறகு பனி இறங்குகிற மாதிரி மெதுவாக மறைந்தன. தரையில் செருப்பில்லாமல் நடந்தவர்களின் பாதம் ஒவ்வொன்றாகப் பூத்துப் பூத்து அணைந்தது. ஆள் போய்விட்ட பிறகும் ஆளின் சூடு அங்கேயே செத்த நேரம் நின்று யோசித்துவிட்டுப் போகிறது. 

கூட்டாளி அதைப் பார்த்துவிட்டுச் சுவரில் தன் உள்ளங்கையை அழுத்தி எடுத்தான். என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினான். "ஏலே, பாருடா. நான் இங்க நிக்கிறேன், என் கையி அங்க நிக்கிது."

இரண்டாம் நாள் சாயங்காலம் நீங்கள் கேமராவை மொட்டை மாடிக்குக் கொண்டுவரச் சொன்னீர்கள். கூரையில் எங்கே வெப்பம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். பார்த்து முடித்ததும், "சும்மா ஊரைப் பாருங்க," என்று என்னிடம் கொடுத்தீர்கள். பொழுது விழுந்து செத்த நேரம்தான் ஆகியிருந்தது. தென்னைகள் கறுத்துப் போயிருந்தன. வானம் கிணறு மாதிரி இருட்டு. அந்த இருட்டுக்கு நடுவில் மலைக்கோட்டைப் பாறை மட்டும் வெள்ளையாக நின்றது. பகலெல்லாம் குடித்த வெயிலை அது வெளியே விட்டுக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற பாறை. அது இப்படி உயிரோடு இருக்கிறது என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. இப்போதும் என் கனவில் வருகிற பாறை அந்தப் பாறைதான், கண்ணால் பார்க்கிற பாறை இல்லை.

இப்படி ஒரு பொருளைக் காட்டித்தான் நீங்கள் என்னை மயக்கி வைத்திருந்தீர்கள். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

மூன்றாம் நாள் மெயின் பேனல் அறை. மில்லுக்கு வருகிற மொத்த மின்சாரமும் அங்கே மூன்று செம்புப் பட்டைகள் வழியாகத்தான் உள்ளே போகும். சிவப்பு பேஸ், மஞ்சள் பேஸ், நீல பேஸ் என்போம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மில்லை நிறுத்தியிருந்தபோது, நானும் அவனுமாக இணைப்பு நட்டுகளைக் கழற்றி, பட்டைகளை வெளியே எடுத்து, புளி போட்டு விளக்கியிருந்தோம். எந்தப் புத்தகத்திலும் அப்படிச் செய்யச் சொல்லியிருக்காது. வீட்டில் குத்துவிளக்கை விளக்குகிற மாதிரிதான் விளக்கினோம். முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளத்தது. கழுவி, வெயிலில் காயவைத்து, திரும்ப மாட்டினோம். மாட்டி முடித்ததும் அவன் ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வந்தான். மூன்று பட்டையிலும் இணைப்புக்கு நாலு விரற்கடை தள்ளி ஒவ்வொரு பொட்டு வைத்தான். நடுவில் குங்குமம்.

"ஒன் டெஸ்டரக் குடுடா வேதக்காரா, அதுக்கும் ஒண்ணு வைக்கிறேன்."

எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். "வையி வையி. பொட்டு வச்சாலாச்சும் ஒழுங்கா எரியுதான்னு பாப்போம்," என்று நீட்டினேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பேனலைத்தான் உங்களுக்குத் திறந்து காட்டினோம். மில் முழு ஓட்டத்தில் இருந்தது. திரையில் மூன்று பட்டைகளும் கறுப்பாக இருந்தன. கறுப்புக்கு மேல் மூன்று வட்டம். முதல் இரண்டும் சாம்பல் நிறம். மூன்றாவது, நீல பேஸில் இருந்தது, வெள்ளை. சும்மா வெள்ளை இல்லை. இருட்டில் தனியாகத் திறந்த ஒற்றைக் கண் மாதிரி இருந்தது.

நீங்கள் அதைப் படம் எடுத்தீர்கள். பிறகு கேட்டீர்கள். "ஏனுங்க, பட்டையில என்னங்க அது?"

"பொட்டு சார்," என்றான் கூட்டாளி.

"மூணாவது மட்டும் வெளேர்னு இருக்கே சார்," என்றேன் நான்.

"அது ஒண்ணுமில்லீங்க. சந்தனம் வேற பொருளு. அதுல காட்டறது பொய்ச் சூடு. செம்பைப் பாருங்க, சில்லுனு இருக்குதுங்க."

கூட்டாளி விடவில்லை. "மூணும் ஒரே கிண்ணத்துச் சந்தனம் சார். நாந்தான் வச்சேன். பொய் சொன்னா மூணும்ல சொல்லணும்? அது மட்டும் எதுக்குச் சொல்லுது?"

நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். "முதலாளி பாக்கற ரிப்போர்ட்டுங்க. பொட்டோட படம் வெச்சா சிரிப்பாங்க. துடைச்சுட்டு இன்னொன்னு எடுத்துக்கலாங்க," என்றீர்கள்.

"வச்ச பொட்ட நான் தொடைக்க மாட்டேன் சார். வேணும்னா நட்டக் கழட்டிப் பாப்போம்."

"அதுக்கெல்லாம் நேரமில்லீங்க." இதைச் சொல்லிவிட்டு நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். அவன் என்னைக் கூப்பிடுவதை மூன்று நாளாகக் கேட்டிருந்தீர்களே. "நீங்க வேதக்காரர்தானுங்களே. உங்களுக்கென்னங்க, நீங்க துடைங்க."

மூன்று மணிக்கு ஷிப்டு மாறும்போது பத்து நிமிடம் மெயினை நிறுத்தினோம். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, பனியன் வேஸ்ட் துணியை எடுத்து மூன்று பொட்டையும் துடைத்தேன். மூன்றாவதில் துணி வழியாக விரல் சுட்டது. லேசாகச் சுட்டது. அந்தப் பத்து நிமிடத்தில் ஸ்பேனர் எடுத்து தளர்ந்திருந்த அந்த நட்டை இறுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். விரல் சுட்டதை நான் உங்களிடம் சொன்னேன். "இப்பத்தானே லோடு நின்னுதுங்க, அப்படித்தான் இருக்கும்," என்றீர்கள். கூட்டாளி அறைக்கு வெளியே நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

மின்சாரம் வந்தது. மில் ஓட ஆரம்பித்தது. மறுபடி படம் எடுத்தீர்கள். மூன்று பட்டையும் சுத்தமான கறுப்பு. நான் குனிந்து பார்த்தபோது அந்தக் கறுப்புக்குள் ஒரு சாம்பல் உருவம் அசைந்தது. நான் விலகினால் விலகியது, கை தூக்கினால் தூக்கியது. பேய் என்று நினைத்தேன். அது நான்தான். பளபளத்த செம்பு கண்ணாடி மாதிரி எதிரே நிற்கிறவனின் சூட்டைக் காட்டிக்கொண்டிருந்தது, தன் சூட்டைக் காட்டவில்லை. உங்கள் பிழைப்பே அந்தக் கேமராதான். இது உங்களுக்குத் தெரியாதா? தெரியாது என்றால் அதையாவது சொல்லுங்கள்.

மெயின் பேனலில் குறை ஏதும் இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் முற்பகல், நீல பேஸ் இணைப்பு உருகித் தீப்பிடித்தது. நான் மாடியில் இருந்தேன். கூட்டாளி பேனல் அறைக்குள் ஓடி மெயின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். கைப்பிடி அதற்குள் கொதித்துப் போயிருந்தது. அவன் விடவில்லை. இழுத்து நிறுத்தின பிறகுதான் கையை எடுத்தான். உள்ளங்கைத் தோல் அதோடு போய்விட்டது. உள்ளே இருநூறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விசாரணைக்கு நீங்கள் வந்தீர்கள். இரண்டு படம் எடுத்தீர்கள் அல்லவா? மேனேஜர் மேசையில் ஒன்றைத்தான் வைத்தீர்கள், பொட்டு இருந்த படத்தை. மின்சாரம் ஓடுகிற பட்டையில் ஈரச் சந்தனம் பூசியதால் இணைப்புக் கெட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்தீர்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"பொட்டு வச்சாரா?"

"வச்சாரு."

"கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். துடைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது சொல்கிறேன். பட்டைகளைத் திரும்ப மாட்டியபோது நீல பேஸ் நட்டைத் தளர்வாக முறுக்கியது நானாக இருக்கலாம். அவனாகவும் இருக்கலாம். இரண்டு பேரும் மாறி மாறித்தான் முறுக்கினோம். பொட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் நட்டைப் பற்றியும் பேச்சு வரும் என்று பயந்தேன். அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். நான் இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

"என்னடா சொன்ன?"

"கேட்டதுக்குச் சொன்னேன்."

"கேக்காததையும் சொல்லியிருக்கலாம்ல?"

அதற்குப் பிறகு அவன் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்த்தால் சிரிப்பான். "வாடா வேதக்காரா" என்பான். டீ வாங்கித் தருவான். கொதிக்கிற டம்ளரை அந்த வலது உள்ளங்கையில்தான் வைத்துக்கொள்வான். அந்தக் கைக்குச் சூடு தெரியாது. பூ எடுக்கவும் அது உதவாது. பூவைக் கிள்ளினோமா காம்பை ஒடித்தோமா என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

பல வருடம் கழித்து நான் வேறு மில்லுக்கு மாறியிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். அங்கேயும் கேமரா வந்தது. கைக்குள் அடங்குகிற சின்னக் கேமரா, நைட்ரஜன் எதுவும் வேண்டாம், திரையில் கலர் கலராகத் தெரிந்தது. கொண்டுவந்த பையன் மெயினை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு செம்புப் பட்டையிலும் கறுப்பு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினான்.

"எதுக்குத் தம்பி?" என்றேன்.

"பளபளன்னு இருந்தா கேமராவுக்குச் சூடு தெரியாதுண்ணே. டேப்பு பட்டையோட சூட்ட அப்படியே காட்டும். டேப்பு இல்லேன்னா மாவு, பெயிண்டு, எதையாச்சும் ஒரு பொட்டு வச்சுப் பாக்கலாம்."

அவன் தெரிந்து சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான். நான் வெளியே போய் மோட்டார் ஷெட் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணை மூடினால் கறுப்புக்கு மேல் அந்த வெள்ளை வட்டம். என் கை பனியன் வேஸ்ட்டோடு அதை நோக்கிப் போகிறது. துடைக்கத் துடைக்க அது மறையவில்லை, சுவரில் நின்ற கை மாதிரி நின்றது. அன்றைக்கே சாணார்பட்டிக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அது என் தப்பு. அதை உங்கள் கணக்கில் வைக்க மாட்டேன்.

போன மாதம் அவன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். தீப்பிடித்தபோது அவள் சின்னப் பிள்ளை. இப்போது எலக்ட்ரிகல் படிக்கிறாள். அவள் கல்லூரிக்கு நீங்கள் பேச வந்திருக்கிறீர்கள். அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டு, "இது திண்டுக்கல் எலக்ட்ரீசியன் ஒருத்தர் பண்ணின வேலைங்க, மெயின் பேனலுக்கே பொட்டு வெச்சு மில்லைக் கொளுத்திட்டாருங்க," என்றிருக்கிறீர்கள். ஹால் முழுக்கச் சிரித்திருக்கிறது. பத்து வருடத்துக்கு மேலாகப் போகிற கல்லூரியெல்லாம் இதைக் காட்டுவதாகவும் சொன்னீர்களாம். அவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"மாமா, அது எங்கப்பாவா?"

"உங்கப்பாதான்."

"அப்பாகிட்டக் கேட்டேன். ஒண்ணுஞ் சொல்லல. ஒங்ககிட்டக் கேக்கச் சொல்லுச்சு." செருப்பைக் கழற்றாமலே கேட்டாள். "மாமா, மூணு பொட்டுல ரெண்டு மங்கலா இருந்துச்சு. மூணாவது மட்டும் ஏன் அம்புட்டு வெள்ளையா இருந்துச்சு? அந்த பேஸ்லதான சூடு இருந்திருக்கு? அப்ப பொட்டுதான காட்டிக் குடுத்திருக்கு? கேக்கணும்னு எந்திரிச்சேன் மாமா. எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. வாய் வரல."

அவள் அப்பன் பேனல் அறையில் கேட்ட அதே கேள்வி. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். நட்டைப் பற்றியும் சொன்னேன். அவள் அழவில்லை. "இத எழுதித் தாங்க மாமா," என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் கல்லூரி நோட்டீஸ் போர்டில் நீங்கள் மறுபடி வருவதாகப் போட்டிருக்கிறார்களாம். நானும் வருகிறேன். துடைத்த கையோடு வந்து முன்வரிசையில் உட்காருகிறேன். அவனையும் கூப்பிட்டிருக்கிறேன். வருவானா தெரியாது. அந்தப் பெண் கட்டாயம் இருப்பாள். அந்தப் படத்தை மறுபடி போடுங்கள். அதற்குப் பக்கத்தில், துடைத்த பிறகு எடுத்த இரண்டாவது படத்தையும் போடுங்கள். போட்டுவிட்டு, சிரித்த அத்தனை பிள்ளைகளும் கேட்கும்படி மைக்கில் பதில் சொல்லுங்கள். மூன்றும் ஒரே கிண்ணத்துச் சந்தனம். மூன்றாவது மட்டும் ஏன் வெள்ளையாக இருந்தது? அதைத் துடைக்கச் சொன்னது யார்?